படகைக் குளிப்பாட்டியவர்

அந்தப் படகை விற்க விடுவதில்லை என்று மெக்கானிக் முடிவு செய்தது ஒரு புதன்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. வாயில் நுரை இருந்ததால் முடிவை யாரிடமும் சொல்ல முடியவில்லை. கொப்பளித்த பிறகும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷ இல்வாழ்க்கையில் மனைவியிடம் பேசி ஜெயித்ததாக அவருக்கு ஒரு ஞாபகமும் இல்லை. பேசினால் அவள் கேட்பாள். முழுசாகக் கேட்பாள். கேட்டு முடித்துவிட்டு, "சரி, அப்புறம்?" என்பாள். அந்த அப்புறத்துக்கு அப்புறம் அவரிடம் சரக்கு இருக்காது. ஆகவே இந்த முறை வாயை நம்புவதில்லை, கையை நம்புவது என்று தீர்மானித்தார். கை அவருக்குப் பழகிய ஆயுதம். முப்பது வருஷமாக ஏரிக்கரையில் பட்டறை வைத்துப் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர்.

பார்க்கிறவர் என்பதைவிட, பார்த்தவர் என்பதே நியாயம். ஐந்து மாதமாகப் பட்டறை பூட்டிக் கிடந்தது. சாவி முன்னறை ஆணியில் தொங்கியது. அதற்கு நேர் கீழே சோபா. சோபாவில் அவர். காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாரோ, சாயங்காலம் அவள் திரும்பும்போதும் அதே பக்கம்தான். நடுவில் டிவி ஓடியிருக்கும். என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது. வாடிக்கையாளர்கள் முதல் மாதம் போன் செய்தார்கள். இரண்டாம் மாதம் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். மூன்றாம் மாதம் எதிர்க்கரை மெக்கானிக்கிடம் போய்விட்டார்கள். மனைவி அதைச் சொன்னபோது அவர் "ம்" என்றார். சோபாவின் நடுவில் அவர் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

எல்லாம் மச்சினனால் வந்தது.

மனைவிக்கு ஒரே தம்பி. அவர்கள் கல்யாணத்தின்போது அவனுக்குப் பதினேழு வயசு. அன்றைக்கு "அத்தான்" என்று வந்து ஒட்டிக்கொண்டவன் பிறகு விடவே இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை. வாரத்தில் ஆறு நாள் மேலும் கீழும் போய் வருகிறவனுக்கு, ஏழாவது நாளாவது முன்னால் போக வேண்டும் என்று ஆசை. பந்தயப் படகு ஒன்றை வாங்கினான். கல்யாணம், வீடு, வாசல் எல்லாம் அந்தப் படகாகவே ஆகிப்போனது. ஏரியில் அவனுக்கு "செகண்டு" என்று பெயர். ஒரே செகண்டில் பறந்துவிடுவான், அதனால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வான். உண்மை வேறு. பதினோரு பந்தயத்தில் ஓடி, பதினோரு முறையும் இரண்டாவதாக வந்தவன் அவன்.

பன்னிரண்டாவது பந்தயத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்தான். கடைசிச் சுற்று வரைக்கும்.

அந்த மாதிரிப் படகில் எஞ்சின் உள்ளே உட்கார்ந்திருக்கும். அதன் பலத்தைத் தண்ணீருக்குக் கொண்டுபோகும் பகுதி மட்டும் படகின் பின்னால், வெளியே, ஒரு கால் போலத் தொங்கும். ஸ்டெர்ன்டிரைவ் என்று பெயர். பட்டறையில் வெறும் டிரைவ். காலின் கீழே விசிறி, மேல் பாதியில் கியர்கள். மெதுவாகப் போகிற படகில் டிரைவ் பாதிக்கு மேல் மூழ்கிக் கிடப்பதால், கியரின் சூட்டை ஏரியே வாங்கிக்கொள்ளும். பந்தயப் படகு அப்படியல்ல. வேகம் பிடித்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடும். டிரைவின் மேல் பாதி காற்றில் நிற்கும். உள்ளே கியர் ஆயில் கொதிக்கும். அதற்கு வைத்தியமாக ஷவர் என்று ஒன்று உண்டு. இரண்டு வளைந்த குழாய்கள். படகு ஓடும்போது கீழேயிருந்து தண்ணீரை வாரி, டிரைவின் தலையில் ஊற்றிக்கொண்டே வரும்.

மச்சினன் அதைப் பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி வந்தான். மாட்டித் தாங்க அத்தான் என்றான். மெக்கானிக் சிரித்தார்.

"தண்ணியிலயே நிக்கிறவனுக்கு யாராவது குளிப்பாட்டுவாங்களாடா? பந்தயம் முடியட்டும், மாட்டிக்கலாம்."

கடைசிச் சுற்றில் கரையிலிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கல்லை மிக்சியில் போட்டது போல. மேல் கியரின் பற்கள் உடைந்து, ஆயில் தார் மாதிரிக் கறுத்துப்போயிருந்தது. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. மச்சினன் இறங்கி, வழக்கமாக இரண்டாவது, இன்றைக்கு அதுவும் இல்லை, பழக்கத்தை மாற்றிக்கொண்டேன் பாருங்கள் அத்தான் என்று அவர் தோளைத் தட்டிச் சிரித்தான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மெக்கானிக் புது கியர் போட்டுக் கொடுத்தார். ஷவர் பெட்டி மட்டும் அலமாரி மேலேயே இருந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஆறு வாரம் ஓடியது. ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ லேஸ் கட்டக் குனிந்த மச்சினன் நிமிரவில்லை. நாற்பத்து மூன்று வயது. இதயம் என்றார்கள்.

அதற்கும் ஷவருக்கும் சம்பந்தம் இல்லை என்று மெக்கானிக்குக்குத் தெரியும். ஆனாலும் சோபாவில் உட்கார்ந்தால் அவருக்குத் தன் சிரிப்புதான் கேட்டது. ஒருத்தன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை முதலாவதாக வர இருந்தான். அதை ஒரு சிரிப்பால் கெடுத்தாகிவிட்டது. இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான், பல் துலக்கிய அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள், மனைவி வந்து சோபா எதிரில் நின்றாள். அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் வேலை. ஆபரேஷன் முடிந்து, இனி எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்திருப்பவர்களை எழுப்பி நடக்க வைக்கிற வேலை. அதனாலோ என்னவோ, அவள் எதையும் நின்றுகொண்டுதான் சொல்வாள். தம்பியின் படகு இப்போது அவள் பேரில் இருந்தது.

"சும்மா நிக்கிற படகு கெட்டுத்தான் போகும். வித்துடலாம்னு இருக்கேன். சனிக்கிழமை ஒருத்தர் பார்க்க வர்றார். ஷவரெல்லாம் இருக்குன்னு சொல்லியிருக்கேன். நீங்க ஏரியில ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினா போதும்."

மெக்கானிக் "ம்" என்றார். மறுநாள் காலை பல் துலக்கினார். முடிவு எடுத்தார்.

திட்டம் எளிமையானது. பந்தயப் படகு வாங்க வருகிறவன் முதலில் டிரைவைத்தான் தொட்டுப் பார்ப்பான். சுட்டால் ஓடிவிடுவான். ஆகவே சுட வைக்க வேண்டும். முப்பது வருஷமாக மற்றவர்கள் டிரைவைக் குளிரவைத்தவருக்கு ஒன்றைச் சுடவைப்பது என்ன பெரிய காரியம்?

பட்டறையைத் திறந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. சூடாக வேண்டும் என்றால் படகு முதலில் ஓட வேண்டும். ஐந்து மாதமாகக் கிடந்த படகு ஓடுமா? பேட்டரி செத்துக் கிடந்தது. தண்ணீரை உறிஞ்சும் பம்பின் ரப்பர் இதழ்கள் காய்ந்த இலை மாதிரி சுருண்டிருந்தன. ஸ்டீயரிங் சக்கரத்தில் சிலந்தி குடித்தனம் வைத்திருந்தது. படகைக் கெடுப்பதற்காக அவர் மூன்று நாள் அதைச் சரி செய்தார். கியர் ஆயிலை மாற்றினார். அதைக் கீழேயிருந்து மேலாகத்தான் ஏற்ற வேண்டும். மேலேயிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நின்றுகொள்ளும். அவசரப்படவும் முடியாது. கீழே குந்தி உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஐந்து மாதத்தில் முதல் முறையாக அவருக்குப் பசித்தது.

ஷவரையும் மாட்டியாக வேண்டும். மனைவி சொல்லித் தொலைத்துவிட்டாளே. அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினார். தூசியைத் துடைத்தால், மூடியில் மச்சினன் கையெழுத்தில் பெரிதாக எழுதியிருந்தது: "சோப்பு தனியாக வாங்கிக்கொள்ளவும்."

மெக்கானிக் அந்தப் பெட்டியை மடியில் வைத்து, எழுத்து கிழியாமல் ஓரமாகப் பிரித்தார். பிறகு எழுந்து குழாய்களை மாட்டினார். ஒவ்வொரு திருகையும் இரண்டு முறை முடுக்கினார். மாட்டி முடித்து, ஏரியில் இறக்கி ஒரு சுற்று ஓட்டி, டிரைவின் தலையில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது. ஆறு மாதத்துக்கு முன், ஏழு மாதத்துக்கு முன், எப்போது மாட்டியிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். அதை நினைக்காமல் இருக்க அவருக்குக் கைவேலை வேண்டியிருந்தது. ஒரு பழைய ரப்பர் செருப்பிலிருந்து இரண்டு வட்டத் துண்டுகள் வெட்டி, இரண்டு குழாயையும் உள்ளே அடைத்தார்.

சனிக்கிழமை வந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். வலது முழங்காலை மடக்காமலே நடந்தார். படகில் ஏறுவதற்குள் மெக்கானிக்குக்கு வியர்த்துவிட்டது. ஏறிய பிறகு ரொம்ப மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டார். இது எதற்கு, அது எதற்கு, தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது. மெக்கானிக் ஐந்து மாதமாகப் பேசாததையெல்லாம் பேசினார். பிறகு பத்து நிமிஷம் காது கிழிய ஓட்டிவிட்டு, துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியை டிரைவின் பக்கம் நீட்டிக் காட்டினார். வாத்தியார் எண்ணைப் பார்த்து, இது ஜாஸ்தியா கம்மியா என்று கேட்டார். ஜாஸ்தி சார் என்று மெக்கானிக் சோகமாகச் சொன்னார். ஆறும் வரை கிளப்பக் கூடாது என்று நடு ஏரியில் ஒரு மணி நேரம் மிதந்தார்கள். வாத்தியார் சந்தோஷமாக வேடிக்கை பார்த்தார்.

வீட்டில் மனைவி விசாரித்தாள். அவருக்குப் பிடிக்கவில்லையாம், டிரைவ் சுடுகிறதாம் என்றார். "அடடா," என்றாள் அவள். "பரவாயில்ல. அடுத்த சனிக்கிழமை இன்னொருத்தர் வர்றார்."

மெக்கானிக் ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்தவருக்கு நிம்மதி இல்லை. வெந்த ஆயிலோடு டிரைவை விட்டுவைக்க அவரால் முடியுமா? கை அரித்தது. ஞாயிற்றுக்கிழமையே போய் அடைப்பை எடுத்தார். ஆயிலை இறக்கினார், கறுப்பு. சுத்தமானதை ஏற்றினார். கியரில் தேய்மானம் உண்டா என்று பிரித்துப் பார்த்தார். சேர்த்தார். ஓட்டிப் பார்த்தார், குளிர்ச்சி. இதற்கே வியாழக்கிழமை ஆகிவிட்டது. இதற்குள் பட்டறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து, மீன் பிடிக்கிறவர் ஒருவர் இருமுகிற மோட்டார் ஒன்றைத் தோளில் தூக்கி வந்துவிட்டார். இப்போது நேரமில்லை, ஒரு படகைக் கெடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்ல முடியுமா? வாங்கி வைத்தார். மறுநாள் இன்னொருவர் வந்தார்.

இரண்டாவது சனிக்கிழமை வந்தவர் சலூன் வைத்திருப்பவர். வலது கையை மார்புக்கு மேலே தூக்க முடியவில்லை. தலை வாரிக்கொள்வதையே இடது கையால் செய்தார். வேகத்தில் ஆசை வைக்கிறவர்களுக்கு எலும்பு ஒழுங்காக இருக்காது போலிருக்கிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். ஆனால் சலூன்காரர் விவரமான ஆள். ஏறியதும் முதல் கேள்வி, ஷவரில் தண்ணீர் வருகிறதா என்பதுதான். நல்ல வேளையாக மெக்கானிக் இந்த முறை குழாயை அடைக்கவில்லை. நுனிகளை மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். தண்ணீர் அழகாக, இரண்டு வில்லாக வளைந்து வந்தது. டிரைவ் மேல் ஒரு சொட்டு விழவில்லை. பத்து நிமிஷம் ஏரியையே குளிப்பாட்டிக்கொண்டு போனார்கள். டிரைவ் கொதித்தது. மறுபடி ஒரு மணி நேர மிதப்பு. சலூன்காரர் அவர் தலையைப் பார்த்து, அஞ்சு மாசமா வெட்டல போலிருக்கே என்றார். அவ்வளவு துல்லியமாகச் சொன்னது மெக்கானிக்குக்கு ஆச்சரியமாக இருந்தது. தொழில் அனுபவம் என்று எடுத்துக்கொண்டார்.

மனைவி மறுபடியும் "அடடா" என்றாள். அடுத்த சனிக்கிழமைக்கு ஆள் சொன்னாள்.

மூன்றாவது வாரம் மெக்கானிக்குக்குக் கை வரவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க டிரைவ் பக்கத்தில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை வெந்த கியர். மூன்றாவது முறை தாங்குமோ தாங்காதோ. தாங்கினாலும், தெரிந்தே மூன்றாவது முறை மச்சினனுடைய கியரை வேகவைப்பதா? நுனிகளைத் திருப்பி, டிரைவின் தலைக்கு நேராகவே வைத்தார். வேறு வழி யோசித்தார். பொய் சொல்லிவிடலாம். இந்தப் படகின் சொந்தக்காரன் இதிலேயே இறந்துபோனான் என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? வாயை நம்பக் கூடாது என்று எடுத்த முடிவு மூன்று வாரத்தில் காலாவதியானது.

சனிக்கிழமை வந்தவர் ரிட்டயர்டான பஸ் கண்டக்டர் அம்மா ஒருவர். அறுபது தாண்டியவர். கைத்தடி ஊன்றி, இடுப்பை ஒரு பக்கம் தூக்கி வைத்து நடந்தார். ஏறி உட்கார்ந்ததும் ஸ்டீயரிங்கை என்னிடம் கொடு தம்பி என்று வாங்கிக்கொண்டார். முப்பத்து மூன்று வருஷம் பின்னாலேயே நின்று வந்திருக்கிறேன், ஒரு நாள் முன்னால் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். "போலாம், ரைட்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அழுத்தினார்.

படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. ஷவர் டிரைவின் தலையில் சீராக ஊற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பல் தெரிய, காற்றைக் குடித்துக்கொண்டு. படகு எழும்பும்போது மச்சினனும் அப்படித்தான் சிரிப்பான். மெக்கானிக் திரும்பிக்கொண்டார். பின்னால் போய், ஓடிக்கொண்டிருந்த படகில் குனிந்து, டிரைவின் பக்கம் வெப்பமானியை நீட்டிப் பார்த்தார். முழு வேகத்தில், கடைசிச் சுற்றின் வேகத்தில், குளிர்ச்சியாக இருந்தது.

பொய்யைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது உண்மை. பெட்டியைப் பற்றிச் சொன்னார். சிரித்ததைச் சொன்னார். தோளைத் தட்டியதைச் சொன்னார். பாதியில், ஐந்து மாதமாக வராத அழுகை ஏரி நடுவில் வந்துவிட்டது. அந்த அம்மா எஞ்சினை அணைத்தார். அலை படகைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் மெக்கானிக் மூக்கைத் துடைத்துக்கொண்டு மன்னிப்பு கேட்க, அந்த அம்மா தலையாட்டினார்.

"அழு தம்பி. அழுதா நிறுத்தாதீங்கன்னு உன் வீட்டுக்காரி சொல்லித்தான் அனுப்பிச்சா."

மெக்கானிக் நிமிர்ந்தார்.

சொல்லியிருக்கக் கூடாது என்று அந்த அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் டிக்கெட்டைக் கிழித்தாகிவிட்டது. பிறகு மறைத்து என்ன பயன் என்று முழுவதையும் சொன்னார். தனக்கு நீச்சல்கூடத் தெரியாது, படகு எதற்கு? இடுப்பு எலும்பு மாற்றி, படுக்கையை விட்டு எழ மாட்டேன் என்று கிடந்தவளை, மூக்குக் கண்ணாடியை எட்டாத தூரத்தில் வைத்து வைத்தே நடக்க வைத்தவள் அவர் மனைவி. கணக்கு வாத்தியார் முட்டி. சலூன்காரர் தோள்பட்டை. மூன்று பேரும் ஒரே வார்டு. வீட்டில் ஒருவர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், அவருக்கு எட்டாத தூரத்தில் எதையாவது வைக்க வேண்டும், உதவி செய்வீர்களா என்று அவள் கேட்டாளாம்.

மெக்கானிக் படகைக் கரைக்குத் திருப்பினார். டிரைவ் சூடாகாததால் மிதக்க வேண்டிய அவசியம் இல்லை. அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு, வீட்டை நோக்கி நடந்தார். வழி நெடுக வாக்கியங்கள் தயாராகின. என்னை நோயாளி என்று நினைத்தாயா என்பது ஒன்று. மூன்று வாரமாக ஊரைக் கூட்டி என்னை முட்டாளாக்கினாயா என்பது இன்னொன்று. இந்த முறை அவள் "சரி, அப்புறம்?" என்றால் அப்புறத்துக்கும் ஒன்று கையில் இருந்தது.

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினார்.

மனைவி சோபாவில் இருந்தாள். அவருடைய பள்ளத்தில், கால்களை மடக்கிக்கொண்டு, தம்பியின் லிஃப்ட் கம்பெனிச் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் அப்படி அழுது அவர் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷத்தில் பார்த்ததில்லை. அது சத்தமே இல்லாத அழுகை. உடம்பு மட்டும் குலுங்கியது. அவரைப் பார்த்ததும் அவசரமாகக் காலைக் கீழே போட்டாள். சட்டையை மடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க? பன்னெண்டு ஆகும்னுல்ல நெனச்சேன்."

தயாரித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வாயில் இல்லை. டிரைவ் சூடாகவில்லை என்று மட்டும் சொன்னார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவர் ஓரமாக, விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார். அவள் அவரைப் பார்க்காமல், சட்டையின் காலரை நீவிக்கொண்டே பேசினாள். ஆஸ்பத்திரியில் முடியாது, அங்கே எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் எழுந்து நிற்கிறார்கள். பஸ்ஸில் முடியாது, ஜனம். வீட்டுக்கு வந்தால் சோபாவில் அவர்.

"ஒரு நாள் குளியலறையில குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. கதவைத் தட்டி, குழாய் ரிப்பேரான்னு கேட்டீங்க."

அவருக்கு அது நினைவிருந்தது. ஐந்து மாதத்தில் அவர் சோபாவை விட்டு எழுந்து செய்த ஒரே உதவி அது.

"போனது என் தம்பிங்க," என்றாள். "எனக்கும் ஒரு இடம் வேணும்ல."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். துக்கம் மொத்தத்தையும் தானே எடுத்து, கால் நீட்டி அதன் மேல் படுத்துக்கொண்டதும், அக்காக்காரிக்கு உட்காரக்கூட ஓரம் விடாததும் அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஷவரை நான்தான் மாட்டவில்லை என்றார்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

பந்தயம் முடிந்த அன்றைக்கே தெரியும் என்றாள். தம்பியே வந்து சொல்லியிருக்கிறான். அத்தானிடம் கேட்டுவிடாதே, முகம் வாடிவிடும் என்றானாம். இன்னொன்றும் சொன்னானாம்.

"நல்ல வேளை ஜெயிக்கலைன்னான். ஜெயிச்சிருந்தா நாளைக்கு ஏரியில என்னைப் பார்த்து என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியாம எல்லாரும் முழிச்சிருப்பாங்கன்னு சொல்லி, இந்தா, இங்க உட்கார்ந்துதான் சிரிச்சான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறாக மாறியது. அவருக்கும் அப்படியே.

அதன் பிறகு ஒரு வாரம் மெக்கானிக் பட்டறையில் பிறர் மோட்டார்களோடு ரொம்ப வேலையாக இருந்தார். ஆனால் உள்ளுக்குள் இன்னொரு தீர்மானம் வளர்ந்துகொண்டிருந்தது. முன்னதைவிடப் பெரியது. இனி மனைவி தனியாக அழக் கூடாது. சனிக்கிழமை வந்தால் அவர் எங்கும் போகப்போவதில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஆறுதல் சொல்லப்போகிறார். ஒரு கணவன் செய்ய வேண்டியது அதுதான். நினைக்கவே அவருக்குத் தன் மேல் மரியாதை வந்தது.

சனிக்கிழமை காலை குளித்து, சுத்தமான சட்டை போட்டு, சோபாவில் பள்ளத்தை அவளுக்கு விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தார். அவள் வந்து எதிரில் நின்றாள். கிளம்பவில்லையா என்றாள். அவர் தன் முடிவை விளக்கினார். அவள் கேட்டாள். முழுசாகக் கேட்டாள்.

"போன வாரம் பக்கத்துல உட்கார்ந்து ஆறுதல் சொன்னீங்களே, அன்னைக்கு நான் அழுதது அஞ்சு நிமிஷம். நீங்க அழுதது ஒரு மணி நேரம். நாலு கைக்குட்டை நனைஞ்சுது, நாலும் உங்களோடது. உங்களைத் தேத்தறதுக்கே எனக்கு நேரம் சரியாப் போச்சு. கெளம்புங்க."

இனிமேல்தான் படகு பார்க்க யாரும் வரமாட்டார்களே என்று அவர் முனகினார். அவள் சாவியை ஆணியிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்து, வாசல் கதவைத் திறந்தாள். படிக்கட்டில், கழுத்தைச் சுற்றிப் பட்டை கட்டிய ஒருவர், தலையைத் திருப்ப முடியாமல் முழு உடம்போடும் அவர் பக்கம் திரும்பி, வணக்கம் சொன்னார்.

"பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் மனைவி. "அப்புறம், பன்னெண்டு மணிக்கு முன்னாடி டிரைவ் ஆறிடாமப் பார்த்துக்குங்க."